பச்சை மலையின் பசித்த மண்

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் சாலையை அகலப்படுத்தச் சரிவை வெட்டிய இடங்கள் அங்கங்கே உண்டு. மழை விட்ட மறுநாள் அப்படியொரு வெட்டுமுகத்தின் எதிரே நின்று பாருங்கள். மேலே ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை முழத்துக்கு மண் அடர்ந்த பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். புல்வேரும் தேயிலை வேரும் அதில் பின்னிக் கிடக்கும். அதற்குக் கீழே ஆள் உயரத்துக்கும் மேல் சிவப்பு, நடுநடுவே மஞ்சள் திட்டு. இன்னும் கீழே வெளிறிய, வரிவரியான ஒரு பகுதி. பார்வைக்கு அது பாறைதான். பாறைக்குரிய வரிகள், கார்னெட் புள்ளிகள், குறுக்கே ஓடும் வெங்கச்சங்கல் கோடு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நகத்தால் கீறினால் மட்டும் குட்டு வெளிப்பட்டுவிடும்: பொலபொலவென்று உதிர்கிறது. அந்த உதிரிக்கு நடுவே, ஒருவர் இரு கைகளாலும் கட்டிப்பிடிக்கும் அளவுக்கு உருண்டைக் கற்கள் சில புதைந்திருக்கும். அவற்றின் மேல் விரற்கடைத் தடிமனில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கழன்று நிற்கும். சுத்தியலால் ஓட்டைத் தட்டினால் சத்தமில்லாமல் உடையும். உள்ளே இருக்கும் கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்கும்.

இந்த உதிரிப்பாறையில் எடுத்துக் கையில் ஏந்தும் துண்டு, அதே அளவுள்ள முழுக்கல்லைவிட மிகவும் லேசாக இருக்கும். கன அளவு அப்படியே இருக்கிறது, வரிகூடக் கலையவில்லை, ஆனால் எடையில் பெரும்பங்கு காணாமல் போய்விட்டது. மலைமண்ணின் வளத்தைப் பேச வேண்டுமானால் காணாமல் போன அந்த எடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். போனது என்ன, தங்கியது என்ன, போவதை யார் பிடித்து நிறுத்துகிறார்கள் என்ற கணக்குதான் வளம். சுற்றுலா வருகிறவர்கள் நீலகிரியின் பச்சையைப் பார்த்துவிட்டு, இந்த மண்ணில் எதைப் போட்டாலும் விளையும் என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறார்கள். அதே மண்ணில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவரிடம் கேட்டால், சுண்ணாம்புக்கும் உரத்துக்கும் ஆகும் செலவைத்தான் முதலில் சொல்வார்.

நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட். பெயரிலேயே ஒரு கல்லறை இருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றத்தை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை 1893இல் ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், அந்தப் பாறை வகைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார். கல் போனதோ நம் சென்னைப் பக்கத்திலிருந்து. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பது அதே இனம். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான இந்தப் பாறைக்கு நீலகிரியில் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். உருவான ஆழத்தில் அது சௌகரியமாக இருந்தது. மேலே வந்து காற்றும் தண்ணீரும் பட்ட நிமிடத்திலிருந்து அதற்கு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

அதன் உள்ளே இருப்பவை என்ன? முதலில் பிளாஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார். இதில் கால்சியமும் சோடியமும் இருக்கின்றன. அடுத்து பைராக்சீன், அதில் இரும்பும் மக்னீசியமும். நீலகிரிப் பாறையில் கார்னெட்டும் தாராளம். இவற்றோடு குவார்ட்ஸ், அதாவது நம் வெங்கச்சங்கல். பொட்டாசியம் தரும் ஃபெல்ட்ஸ்பார் இங்கே குறைவு. இவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பொடி அளவில் அபடைட் என்ற கனிமம் சிதறிக் கிடக்கும். மொத்தப் பாறையில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழ்தான். ஆனால் பயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் அனேகமாக முழுக்க அந்தப் பொடிக்குள்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் வில்லங்கம் செய்யப்போகிறது.

மழைநீர் பாறையைக் கரைப்பது வெறும் ஈரத்தால் இல்லை. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால், மண்துளைகளில் இருக்கும் காற்றில் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போல் பத்து மடங்கு முதல் நூறு மடங்குவரை சேர்ந்திருக்கும். அது நீரில் கரைந்து மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. அழுகும் இலைதழைகள் தம் பங்குக்கு வேறு அமிலங்களைத் தருகின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி ஃபெல்ட்ஸ்பாருக்குள் புகுந்து கால்சியத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளுகிறது. அவை தண்ணீரோடு போகின்றன. சிலிகாவில் ஒரு பங்கும் கூடவே போகிறது. மிஞ்சும் அலுமினியமும் சிலிகாவும் சேர்ந்து கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண் ஆகின்றன. பைராக்சீனில் இருந்த இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துத் துருவாக மாறுகிறது. வெட்டுமுகத்தில் பார்த்த சிவப்பும் மஞ்சளும் அந்தத் துருதான்.

எல்லாக் கனிமமும் ஒரே வேகத்தில் கரையாது. அமெரிக்கப் புவியியலாளர் சாமுவேல் கோல்டிச் 1938இல் இதற்கு ஒரு வரிசையே தந்தார்: அதிக வெப்பத்தில் முதலில் உறைந்து உருவானவை முதலில் சிதையும், கடைசியில் உருவான குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கும். மக்னீசியமும் கால்சியமும் வைத்திருப்பவை முன்வரிசையில் நிற்பதால், பயிருக்கு வேண்டியவைதான் முதலில் கழுவப்படுகின்றன. வெங்கச்சங்கல் கோடு அசையாமல் நிற்கிறது. அதைச் செடி சீந்துவதில்லை.

அப்படியானால் பாறைச் சிதைவு மண்ணுக்கு வளத்தைக் கொடுக்கிறதா, பறிக்கிறதா? இரண்டும்தான், எந்தக் கட்டத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து. பாறை உடையத் தொடங்கிய புதிதில் அது கொடுக்கிறது. உடைந்து, கரைந்து, அதே இடத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையில் நனைந்தபின் கொடுக்க எதுவும் இல்லாமல் போகிறது. ஃபில்டரில் போட்ட அதே தூளில் மூன்றாம் முறை, நான்காம் முறை வெந்நீர் ஊற்றினால் டிகாக்‌ஷன் எப்படி இறங்குமோ, நீலகிரிப் பீடபூமியில் மழைநீர் இன்று அப்படித்தான் இறங்குகிறது. தூள் அப்படியே இருக்கிறது, சாறுதான் இல்லை.

இமயமலையில் நிலைமை வேறு. அங்கே மலை இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது, ஆறுகள் அதைக் குடைந்துகொண்டிருக்கின்றன. சரிவுகள் அடிக்கடி இடிந்து, சிதையாத புதுப் பாறை வேர் எட்டும் ஆழத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. நேபாளத்தில் நிலச்சரிவு ஒரு பேரிடர். அந்த மலைகளின் மண் கிழடுதட்டாமல் இருப்பதற்கும் அதே சரிவுகள் ஒரு காரணம். நீலகிரியின் மேட்டுநிலம் கரையும் வேகமோ ஆயிரம் ஆண்டுக்குச் சென்டிமீட்டர் கணக்கில்தான். அதனால்தான் சிதைந்த உதிரி பல இடங்களில் பத்து மீட்டருக்கும் மேல் தடித்துக் கிடக்கிறது. கீழே நல்ல பாறை இருந்து என்ன பயன்? தேயிலை வேர் அவ்வளவு ஆழம் போய் அதைத் தொடப்போவதில்லை. ஒரே மலைக்குள்ளேகூட இந்த வேறுபாடு உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் சரேலென்று இறங்கும் விளிம்புச் சரிவுகளில் மண் மெல்லியது, பாறை கிட்டத்தில். உச்சி மேடுகளில் மண் தடித்தது, ஆனால் சாரமற்றது. மண்கண்டம் ஆழமாக இருந்தால் வளமும் அதிகம் என்ற சமவெளிக் கணக்கு மலையில் தலைகீழாகிவிடும்.

பாஸ்பரஸுக்கு வருவோம். கால்சியம், மக்னீசியம் போனால் ஒரு மூட்டை டோலமைட் போட்டு ஈடுகட்டலாம். காற்றிலிருந்து நைட்ரஜனை நுண்ணுயிர்கள் இறக்கித் தரும். பாஸ்பரஸுக்கு அப்படித் தாராளமான ஒரு வானவழி கிடையாது. அபடைட் கரைந்ததும் வெளிவரும் பாஸ்பேட்டைச் செடி முந்திக்கொண்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்புத்துருவும் அலுமினிய ஆக்சைடும் அதைத் தம் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். நாளாக ஆகத் துரு அதன் மேலேயே படிந்து மூடிவிடும். அப்புறம் மண்ணில் பாஸ்பரஸ் இருக்கிறது என்று ஆய்வகத்தில் வேண்டுமானால் காட்டலாம். வேருக்கு அது எட்டாக்கனிதான். நியூசிலாந்தில் பணியாற்றிய வாக்கரும் சயர்ஸும் 1976இல் இந்தக் கதையை ஒரு வரைபடமாகவே தந்தார்கள்: இளமண்ணில் அபடைட் பாஸ்பரஸ், நடுவயதில் உயிர்ப்பொருளில் சுழலும் பாஸ்பரஸ், முதுமையில் ஆக்சைடுக்குள் அடைபட்ட பாஸ்பரஸ், கூடவே மொத்த இருப்பும் தேய்ந்துபோவது.

அந்த நாட்டின் தென் ஆல்ப்ஸ் மலையில் ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு பின்வாங்கப் பின்வாங்க, விட்டுப்போன கற்குவியல்கள் வெவ்வேறு வயதில் வரிசையாகக் கிடக்கின்றன. சில ஆண்டு வயதுள்ள மண் முதல் சுமார் 1,20,000 ஆண்டு வயதுள்ள மண் வரை ஒரே வட்டாரத்தில் பார்க்கலாம். மழையும் அங்கே பேய்மழை. புதுமண்ணில் நைட்ரஜனைப் பிடிக்கும் செடிகள் முதலில் வருகின்றன, பிறகு உயர்ந்த காடு எழும்புகிறது. மிகப் பழைய மண்ணில் காடு குட்டையாகிவிடுகிறது. மழையும் குளிரும் ஏறத்தாழ அதேதான். மாறியது மண்ணின் வயது, தீர்ந்தது பாஸ்பரஸ்.

ஹவாய்த் தீவுகளில் இன்னும் நீண்ட வரிசை இருக்கிறது: 300 ஆண்டு வயதுள்ள எரிமலைக்குழம்பு தொடங்கி கவாய் தீவின் 41 லட்சம் ஆண்டு மண் வரை. மிகப் பழைய மண்ணில் பாறை தந்தது அனேகமாகத் தீர்ந்துவிட்டது. இருந்தும் காடு நிற்கிறது. எப்படி? ஆலிவர் சாட்விக், பீட்டர் விட்டூசெக் குழுவினர் 1999இல் விடை சொன்னார்கள்: ஆசியப் பாலைநிலங்களிலிருந்து பசிபிக் கடலைத் தாண்டிக் காற்றில் வரும் தூசுதான் அந்தக் காட்டுக்குப் பாஸ்பரஸ் ஊட்டுகிறது. அங்குள்ள எரிமலைப் பாறையில் குவார்ட்ஸ் கிடையாது, அந்த மண்ணிலோ குவார்ட்ஸ் இருக்கிறது. வெளியூர்த் தூசு வந்து சேர்ந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பறிபோவது ஒருபக்கம் இருக்க, வந்ததைப் பிடித்துவைக்கும் திறமும் கூடவே தேய்கிறது. களிமண் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் அயனிகள் அதில் ஒட்டி நிற்கும். வேர் கேட்கும்போது விட்டுக்கொடுக்கும். கோவில்பட்டிக் கரிசலில் உள்ள களிமண்ணுக்கு இந்தப் பிடிமானம் அபாரம். கயோலினைட்டுக்கு அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். மழை இன்னும் விடாமல் பெய்தால் கயோலினைட்டிலிருந்தும் சிலிகா பிரிந்துபோய், கிப்சைட் என்ற வெறும் அலுமினிய ஹைட்ராக்சைடு மட்டும் மிஞ்சும். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் உச்சிமேடுகளில் அப்படி மிஞ்சியதைத்தான் பாக்சைட் என்று வெட்டி, மேட்டூரில் அலுமினியம் எடுக்க அனுப்பினார்கள். பாறை தன் சத்தையெல்லாம் இழந்து முடித்தால் அதற்குப் பெயர் தாதுவளம்! சுரங்கத்துறையும் வேளாண்துறையும் ஒரே மண்ணுக்கு எதிரெதிர் மதிப்பெண் போடும் இடம் இது.

கார அயனிகள் கழன்ற இடத்தில் ஹைட்ரஜனும் அலுமினியமும் வந்து உட்காரும்போது மண் புளிக்கிறது. அமில கார எண் 5.5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கருக்கிவிடும். பார்லி, பீட்ரூட் போன்றவை இதைத் தாங்காது. தேயிலை தாங்குவதோடு நிற்பதில்லை, அதை விரும்பவும் செய்கிறது. 4.5 முதல் 5.5 வரையிலான புளிப்பில்தான் அது செழிக்கும். மண்ணில் கரைந்த அலுமினியத்தை உறிஞ்சி முதிர்ந்த இலைகளில் ஒதுக்கிவைத்துவிடும். ஒரு கிலோ உலர்ந்த கிழ இலையில் 30 கிராம் வரை இருப்பதாக அளந்திருக்கிறார்கள். பறிக்கும் கொழுந்தில் அதில் மிகச் சிறு பங்குதான். 19ஆம் நூற்றாண்டில் தோட்டக்காரர்கள் காப்பி, சிங்கோனா என்று எதையெதையோ நட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் தேயிலையில் நிலைத்ததற்கு நோயும் சந்தையும் காரணம் என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் 250 கோடி ஆண்டுப் பாறையைப் பல லட்சம் ஆண்டு மழை என்ன செய்து வைத்திருந்ததோ, அதற்கு ஏற்ற செடி அது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலை முழுக்கப் போர்த்திய அந்தப் பச்சையை மண்வளத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்வது பாதிதான் சரி.

இவ்வளவு சக்கையான அடிமண்ணின் மேல் சோலைக்காடு எப்படி அடர்ந்து நிற்கிறது? விடை அந்த ஒன்றரை முழக் கறுப்பில் இருக்கிறது. இங்கே ஒரு வியப்பான விஷயம். 2000ஆம் ஆண்டு கானெர், பூர்ஷோன் முதலிய பிரெஞ்சு மண்ணியலாளர்கள் நீலகிரி மேட்டுநிலத்தின் கறுப்பு மண்ணை ஆராய்ந்து, அதை ஆண்டோசால் வகையில் சேர்த்தார்கள். ஆண்டோசால் என்பது வழக்கமாக ஜப்பான், இந்தோனேசியா போல எரிமலைச் சாம்பல் விழுந்த நாட்டில் இருப்பது. நீலகிரியில் எரிமலையும் இல்லை, சாம்பலும் இல்லை. சத்திழந்த சிவப்பு மண்ணில் மிதமிஞ்சிக் கிடந்த அலுமினியமே இங்கே அந்த வேலையைச் செய்திருக்கிறது. 2,000 மீட்டருக்கு மேல் குளிரும் ஈரமுமாக இருப்பதால் இலைதழை மெதுவாக மட்குகிறது. மட்கிலிருந்து வரும் கரிம அமிலங்கள் அலுமினியத்தோடு பிணைந்துகொள்கின்றன. பிணைந்த மட்கை நுண்ணுயிர்கள் அவ்வளவு சுலபத்தில் தின்ன முடியாது. ஆண்டாண்டாக அது சேர்ந்து, கையில் எடுத்தால் பஞ்சு கனமும், பிழிந்தால் சொட்டும் ஈரமுமாக ஒரு மேல்மண் உருவாகியிருக்கிறது. வேருக்கு விஷமான அலுமினியமே கரிமத்தைக் காவல் காக்கிறது. களிமண் பிடிக்கத் தவறிய சத்துகளை இந்த மட்குதான் பிடித்து வைத்திருக்கிறது.

ஆகவே சோலை மரங்கள் பாறையை நம்பி வாழவில்லை. உதிர்ந்த இலை மட்கி விடும் பாஸ்பரஸை, அது இரும்பிடம் போய்ச் சேருமுன், மேலாகப் படர்ந்த வேர்களும் அவற்றோடு கூட்டுவாழ்க்கை நடத்தும் பூஞ்சைகளும் வாரிக்கொள்கின்றன. அதே சத்து மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே சுற்றிச் சுற்றி வருகிறது. மேற்கு விளிம்பில் அவலாஞ்சி போன்ற இடங்களில் மழை கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. அப்படிப்பட்ட மழையிலும் இந்தச் சுழற்சி அறுந்துவிடாமல் இருப்பதுதான் காட்டின் சாமர்த்தியம்.

படகர் ஊர்களின் பழைய வேளாண்மை இதை அறிந்தே நடந்ததுபோல் இருக்கிறது. ஹட்டியை, அதாவது ஊரை, ஒட்டிய நிலத்துக்கு மாட்டு எரு தவறாமல் போகும், அங்கே ஆண்டுதோறும் பயிர். தள்ளி இருந்த நிலத்தில் ஓரிரு ஆண்டு சாமையும் ராகியும் விதைத்துவிட்டு, பிறகு பல ஆண்டுகள் தரிசாகப் போட்டுவிடுவார்கள். புல்லும் புதரும் வளர்ந்து மட்கு சேர அந்த இடைவெளி தேவைப்பட்டது. தரிசு கிடக்கும் நிலம் வருவாய்த்துறை ஏட்டில் வீண் நிலம். 19ஆம் நூற்றாண்டிலேயே அந்த முறைக்கு முடிவு வந்தது. பிறகு வந்த கிழங்கும் மலைக்காய்கறியும் ஆண்டுக்கு இரண்டு போகம், சில இடங்களில் மூன்று போகம் கேட்கின்றன. கிழங்கைக் கொத்தி எடுக்கும்போது மண் முழுக்கப் புரட்டப்பட்டு வெறிச்சோடி நிற்கும். சரிவின் போக்கிலேயே பாத்தி பிடித்திருந்தால், ஐப்பசி மழையில் வாய்க்கால் முழுக்கக் கறுப்பாக ஓடும். சில மழைக்காலங்களில் ஒரு சென்டிமீட்டர் மேல்மண் போய்விடலாம். ஈடாகப் பாறை சிதைந்து அவ்வளவு மண் தர ஆயிரம் ஆண்டுக் கணக்கு ஆகும், தந்தாலும் அது சிவந்த சக்கையாகத்தான் இருக்கும். ஊட்டியில் உள்ள மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் பல காலமாகப் படிமட்ட வரப்புகளையும் குறுக்குப் பாத்திகளையும் வலியுறுத்துவது இதனால்தான். சுமைதூக்கி இறங்க மேலும்கீழுமான பாத்திதான் வசதி என்பதும், மழைநீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதும் விவசாயி தரப்பு நியாயங்கள். இரண்டையும் மதிக்காத ஆலோசனை மலையேறாது.

அண்மைக் காலமாக இன்னொரு யோசனை பேசப்படுகிறது. புதுப் பாறையை மலை தானாக மேலே கொண்டுவரவில்லை என்றால், நாமே பாறையை அரைத்துத் தூவினால் என்ன? பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் தூள் கரையும்போது கால்சியமும் மக்னீசியமும் கிடைக்கும், புளிப்பு தணியும், காற்றின் கரியமில வாயுவும் பைகார்பனேட்டாகிக் கடலுக்குப் போகும். பருவநிலை ஆய்வாளர்கள் இதில் ஆர்வம் காட்டக் கடைசியில் சொன்னதே முதற்காரணம். நீலகிரிக்குக் கிட்டத்தில் பசால்ட் இல்லை, தக்காணம் வரை போக வேண்டும். மாறாக, சார்னோக்கைட்டை ஜல்லியாக உடைக்கும் கிரஷர்கள் தமிழ்நாட்டுச் சமவெளியில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. தூள் குவிந்து கிடக்கிறது. ஆனால் அதன் ஃபெல்ட்ஸ்பார் பசால்டைவிட மந்தமாகக் கரையும், நுணுக்கி அரைத்தால் மின்செலவு ஏறும், எக்டேருக்கு டன் கணக்கில் வேண்டும். மேட்டுப்பாளையம்–குன்னூர்ச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் லாரி வாடகையைச் சேர்த்தால், சீக்கிரம் கரையும் டோலமைட்டே இன்னும் மலிவு.

பாஸ்பரஸுக்கு அதுவும் உதவாது. சூப்பர் பாஸ்பேட் போட்டாலும் முதல் பயிர் எடுத்துக்கொள்வது கால்பங்குகூடத் தேறாது. மிச்சத்தை இரும்பு வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் காய்கறித் தோட்டங்களுக்கு இன்று மலையேறுவது பெரும்பாலும் கோழி எரு. மட்கோடு சேர்ந்து வரும் பாஸ்பரஸ் கொஞ்சம் தாமதமாகத்தான் இரும்பிடம் மாட்டும். அந்தக் கோழிகளின் தீவனத்தில் கலக்கும் பாஸ்பேட்டும் ஒரு பாறையிலிருந்து வந்ததுதான். இந்தியா தனக்கு வேண்டிய பாறை பாஸ்பேட்டில் பெரும்பங்கை ஜோர்டான், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்கிறது.